இரும்பில் ஓர் எண், ஏட்டில் ஒரு வரி

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது உலு திராம். ரப்பரும் பிறகு செம்பனையும் நின்ற மண். இன்று தாமான்களும் கடைவரிசைகளும் பட்டறைகளுமாக நிறைந்த ஊர். மலேசியத் தரைப்படையின் போர்ப்பயிற்சி மையமான ‘புலாடா’ இங்கேதான் இயங்குகிறது. அதற்கு முன் பிரிட்டிஷ் இராணுவம் தன் காட்டுப்போர்ப் பள்ளியை இந்த வட்டாரத்தில் நடத்தியது. 1948-ல் வால்டர் வாக்கர் என்ற அதிகாரி ஜொகூரில் தொடங்கிவைத்த பயிற்சி நிலையத்தின் தொடர்ச்சி அது. துப்பாக்கியின் சத்தம் இந்த ஊருக்குப் பழக்கமான சத்தம்.

ஆனால் அந்தக் காலத்தில் இங்கே புழங்கிய கைத்துப்பாக்கிகள் எதுவும் இந்த மண்ணில் செய்யப்பட்டதில்லை. காவலரின் இடுப்பில் தொங்கியதும், தோட்டத்துத் துரையின் மேசை இழுப்பறையில் கிடந்ததும், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளின் கையில் இருந்ததும் கடல் தாண்டி வந்தவை. இங்கிலாந்தின் பர்மிங்காம், என்ஃபீல்டு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ட்ஃபோர்டு என்று வெகுதூரத்து ஊர்களில் அவை பிறந்தன. பிறக்கும்போதே ஒவ்வொன்றின் உடம்பிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டது. தொழிற்சாலைக் கணக்கர் அந்த எண்ணைப் பேரேட்டில் எழுதினார். எத்தனை அங்குலக் குழல், என்ன மெருகு, எந்தத் தேதியில் வெளியே போனது, யாருக்குப் போனது என்பதெல்லாம் அதே வரியில் ஏறின.

பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பவர்களுக்கு அந்த வரிதான் உயிர். ஒரே மாதிரியான இரண்டு ரிவால்வர்கள் மேசையில் கிடந்தால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் எண்ணைக் கொண்டு பேரேட்டைப் புரட்டி, அது இன்ன ஆண்டில் இன்ன கடைக்கு, இன்ன படைக்கு அனுப்பப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டால், அது மட்டும் வரலாற்றுக்குள் வந்துவிடுகிறது. மற்றொன்று வெறும் இரும்பாகவே நிற்கிறது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் நிறுவிய தொழிற்சாலை அது. அவர்களுடைய முதல் ரிவால்வர் 1857-ல் வந்தது. அன்று முதல் அவர்கள் எழுதிவைத்த அனுப்புக் கணக்குகளில் பெரும்பகுதி பிழைத்திருப்பது சேகரிப்பாளர்கள் செய்த புண்ணியம். ஒருவர் தன்னிடமுள்ள பழைய ரிவால்வரின் எண்ணை எழுதி அனுப்பினால், வரலாற்று ஆய்வாளர் ஒருவர் ஏடுகளைப் பார்த்து ஒரு கடிதம் தருவார். அதில் அனுப்பிய தேதியும் பெற்றுக்கொண்டவர் பெயரும் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கி என்றால் அந்தப் பெயர் பெரும்பாலும் நியூயார்க் மொத்த வியாபாரி எம். டபிள்யூ. ராபின்சனாகவே இருக்கும். சேகரிப்பாளர் வட்டத்தில் அந்தக் கடிதத்துக்குத் தனி மரியாதை. ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் பல சமயம் அந்த ஒற்றைத் தாளால்தான்.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எண் வரிசையும் அனுப்பிய வரிசையும் ஒன்றல்ல. செய்து முடித்த ரிவால்வர்களைக் கிடங்கில் அடுக்கிவைப்பார்கள். ஆர்டர் வந்ததும் கைக்கு எட்டியதை எடுத்துப் பெட்டியில் போடுவார்கள். அதனால் முன்னால் பிறந்த எண் வருடக்கணக்கில் அலமாரியிலேயே தங்கிவிட, பின்னால் பிறந்தது முந்திக்கொண்டு கப்பலேறியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்வது ஊகம். பேரேட்டைப் பார்த்துச் சொல்வதே ஆதாரம்.

துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் செய்யும் முதல் சோதனையும் எண்ணைச் சார்ந்ததே. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் கைப்பிடியின் அடிப்பாகத்தில் எண் இருக்கும். தோட்டா உருளையின் பின்முகத்திலும், குழலின் அடியிலும் அதே எண் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. உருளை எண் மட்டும் வேறாக இருந்தால், எங்கோ ஒரு பட்டறையில் யாரோ பழுதானதைக் கழற்றி வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அதுவும் ஒரு வரலாறுதான். ஆனால் விற்பவர் அதை மறைத்தால் மோசடி.

எல்லா நிறுவனங்களின் ஏடுகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் தொழிற்சாலை 1864 பிப்ரவரி 4 அன்று தீப்பிடித்தது. பழைய கட்டடம் எரிந்தபோது அலுவலகமும் சேர்ந்து போனது. அதனால் கோல்ட் ரிவால்வர்களின் தொடக்ககாலத்தைத் தேடுகிறவர்களுக்குப் பல இடங்களில் ஏடு கைகொடுப்பதில்லை. 1873-க்குப் பிறகு வந்த புகழ்பெற்ற ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ வகைக்கோ ஏடுகள் இருக்கின்றன. வம்சாவளி தெளிவாக இருக்கும் துப்பாக்கிக்கு உலகம் என்ன விலை கொடுக்கும் என்பதை 2021 ஆகஸ்டில் நடந்த ஏலம் காட்டியது. ‘பில்லி த கிட்’ என்ற கொள்ளையனைச் சுட்டதாக வழிவழியாக நிரூபிக்கப்பட்டு வந்த ஷெரீஃப் பாட் கேரட்டின் கோல்ட் ரிவால்வர் அறுபது லட்சம் டாலருக்கும் மேல் போனது. அந்த விலையில் இரும்புக்கான பங்கு மிகச் சிறியது. மீதி முழுக்க அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கான சான்றுகளுக்குக் கொடுத்த விலை.

நம் பக்கம் வந்த ரிவால்வர்களில் பெயர் பெற்றது வெப்லி. பர்மிங்காமில் செய்யப்பட்டது, 1887 முதல் பிரிட்டிஷ் இராணுவத்தின் கைத்துப்பாக்கி. சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆட்சியின் காவல் நிலையங்களிலும் இராணுவ முகாம்களிலும் அது இல்லாத இடம் அரிது. அதைத் திறக்கும் விதமே தனி. கட்டைவிரலால் பூட்டைத் தள்ளினால் குழலும் உருளையும் சேர்ந்து முன்பக்கம் கவிழும். அப்போது உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பி, சுட்டு முடித்த ஆறு வெற்றுக் குப்பிகளையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளும். குதிரையின் மேல் சவாரி செய்தபடியே மறுபடி தோட்டா நிரப்ப வேண்டிய அதிகாரிகளுக்கு இது பெரும் வசதி. உடலின் பக்கவாட்டில் இறக்கை முளைத்த தோட்டா ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது நிறுவனத்தின் முத்திரை.

1930-களிலிருந்து சிங்கப்பூர்க் காவல்துறைக்கும் ஹாங்காங் காவல்துறைக்கும் .38 அளவு வெப்லிகள் வழங்கப்பட்டன. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் போன அந்த வெப்லிகளை உலகத்துச் சேகரிப்பாளர்கள் பார்த்தவுடனே கண்டுகொள்வார்கள். பொதுவாக ரிவால்வரில் பாதுகாப்புத் தாழ் இருக்காது. சிங்கப்பூர்க் காவல்துறையின் வெப்லிகளிலோ பக்கவாட்டில் ஒரு சிறு தாழ் வைத்துச் செய்து கொடுத்தார்கள். அதைத் தள்ளிவிட்டால் விசை இயங்காது. 1970-களில் இவை பழுதுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக ஓய்வு கொடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘மாடல் 10’ ரிவால்வர்கள் வந்தன. பர்மிங்காமில் ஓர் ஆசியக் காவல்துறைக்காகச் செய்யப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு தாழ், எண்ணையும் ஏட்டையும் பார்ப்பதற்கு முன்பே பெரும்பாலும் அந்த ரிவால்வரின் ஊரைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது வெப்லியாலும் அரசாங்கத்தின் என்ஃபீல்டு ஆலையாலும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. போர் அவசரத்தில் செய்த வெப்லிகளின் மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருந்தது. ‘போர்க்கால மெருகு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை நிறுவனம் அவற்றின் மேலேயே பொறித்து அனுப்பியது. தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை. மீதித் தேவைக்கு அமெரிக்கா கைகொடுத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் பிரிட்டிஷ் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்த .38 ரிவால்வர்கள் 5,70,000-க்கும் மேல் பிரிட்டனுக்கும் அதன் கூட்டாளி நாடுகளுக்கும் போயின. ‘விக்டரி’ மாடல் என்று பெயர். 1942 முதல் எண்ணுக்கு முன்னால் ‘வி’ என்ற எழுத்து.

அதோடு பின்னர் சேர்ந்த இன்னோர் எழுத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1944-ல் ஒரு போர்க்கப்பலின் இரும்புத் தளத்தில் தோட்டா நிரப்பிய விக்டரி ரிவால்வர் ஒன்று தவறி விழுந்து வெடித்து, மாலுமி ஒருவர் இறந்தார். சுத்தியல் பகுதியைத் தடுக்கும் புதிய பாகத்தை நிறுவனம் அவசரமாக வடிவமைத்தது. அது பொருத்தப்பட்டவற்றின் எண்ணில் ‘வி’யோடு ‘எஸ்’ என்ற எழுத்தும் சேர்ந்தது. இன்றைக்கும் ஒரு விக்டரி ரிவால்வரின் அடியைத் திருப்பிப் பார்த்தால், அந்தப் புதிய பாகம் அதில் இருக்கிறதா இல்லையா என்று ஒரே எழுத்தில் தெரிந்துவிடும்.

தொழிற்சாலை ஏடு இத்தனையும் சொல்கிறது. ஆனால் முதல் வாங்கியவரோடு அது நின்றுவிடுகிறது. நம் நாடுகளின் கதை தொடங்குவதோ பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது. அதே சென்னையின் ஓக்ஸ் கம்பெனியும் விற்றது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியின் மேல் சென்னைக் கடையின் பெயரைப் பொறித்து வாங்கிப்போனவர்கள் ஆட்சியர்களும் காபித்தோட்ட முதலாளிகளும் ஜமீன்தார்களும். சாதாரண இந்தியன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதற்காகவே வைசிராய் லிட்டன் காலத்தில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறை. எனவே விடுதலைக்காக ஆயுதம் ஏந்தியவர்களின் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஏட்டுக்கு வெளியே பயணம் செய்தவை.

1909-ல் லண்டனிலிருந்து சாவர்க்கர் இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைப் பெட்டியின் அடியில் மறைத்து பம்பாய்க்கு அனுப்பிவைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றது அவற்றில் ஒன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான். ஆங்கிலேயச் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

இவற்றுக்கெல்லாம் நேர்மாறான ஒரு சம்பவம் கல்கத்தாவில் நடந்தது. திருடுபோன துப்பாக்கிகள் ஒவ்வொன்றின் எண்ணும் காவல்துறைக்குத் தெரிந்திருந்த சம்பவம் அது. ஆர்.பி. ரோடா கம்பெனி கல்கத்தாவின் பெரிய ஆயுத வியாபாரி. 1914 ஆகஸ்ட் 26 அன்று அந்தக் கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கச்சாவடியிலிருந்து எடுத்துவர ஸ்ரீஷ் மித்ரா என்ற குமாஸ்தா போனார். நண்பர்கள் அவரை ‘ஹாபு’ என்று கூப்பிடுவார்கள். மாட்டுவண்டிகளில் 192 பெட்டிகள் கிடங்கு வந்து சேர்ந்தன. மீதியையும் எடுத்துவருகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. அந்தப் பத்துப் பெட்டிகளில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. மவுசரின் மரப்பெட்டியையே கைப்பிடியோடு மாட்டினால் தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கி ஆகிவிடும்.

ஒவ்வொரு மவுசரின் எண்ணும் ரோடா கம்பெனியின் கணக்கில் இருந்தது. அதனால் அதற்குப் பிறகு வங்காளத்தில் எங்கே ஒரு மவுசர் பிடிபட்டாலும், அது அந்த ஐம்பதில் ஒன்றா என்று உடனே சொல்ல முடிந்தது. 1918-ல் வெளியான ரௌலட் குழு அறிக்கை கணக்குக் கொடுக்கிறது: 44 துப்பாக்கிகள் ஒன்பது புரட்சிக் குழுக்களுக்குள் பகிரப்பட்டன, 54 கொலை, கொள்ளை முயற்சிகளில் அவை பயன்பட்டன, 31 திரும்பக் கிடைத்தன. 1915 செப்டம்பரில் பாலசோர் அருகே புரட்சியாளர் பாகா ஜதீன் நடத்திய கடைசிப் போரிலும் மவுசர்கள் ஒலித்தன. வியாபாரி வியாபாரத்துக்காக எழுதிவைத்த எண்கள், ஒரு விடுதலை இயக்கத்தின் நடமாட்ட வரைபடமாக மாறின. அந்த வரைபடத்தை வரைந்தது எதிரியின் கை என்பது வேறு விஷயம். இன்றைக்கு வரலாறு எழுதுகிறவர்களுக்கு அதைவிட நுணுக்கமான சான்று கிடைப்பது கடினம்.

எண்ணைப் பின்தொடர்ந்து தொலைந்த துப்பாக்கியை மீட்ட கதையும் உண்டு. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸைச் சுட பகத் சிங் பயன்படுத்தியது .32 கோல்ட் கைத்துப்பாக்கி. வழக்கு ஆவணங்களில் அதன் எண் இருந்தது: 168896. தூக்குத் தண்டனைக்குப் பிறகு அது பஞ்சாபின் ஃபில்லௌர் காவலர் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. 1969-ல் வேறு சில ஆயுதங்களோடு மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்கு மாறியது. அதன் பிறகு அது யாருடையது என்பதே மறந்துபோனது. துருப்பிடிக்காமல் இருக்க மேலே கறுப்பு வண்ணம் பூசி, மற்றவற்றோடு மற்றொன்றாகக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். ‘டிரிபியூன்’ நாளிதழின் ஜுபிந்தர்ஜித் சிங் பழைய ஆவணங்களைத் துருவி இந்தத் தடத்தைப் பிடித்தார். 2016-ல் இந்தூரில் வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது அடியிலிருந்து அதே ஆறு இலக்கங்கள் வெளியே வந்தன. இப்போது அது பகத் சிங்கின் உடல் எரியூட்டப்பட்ட ஹுசைனிவாலாவில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் கண்முன் இருந்த பொருளை அடையாளம் காட்டியது வேறொன்றுமில்லை, வழக்குக் கட்டில் ஒரு குமாஸ்தா பிழையின்றி எழுதிவைத்த எண்.

எண் இருந்தும் தடம் அறுந்துபோன இடமும் நம் வரலாற்றில் உண்டு. காந்தியைக் கொன்ற பெரெட்டா கைத்துப்பாக்கியின் எண் 606824. இத்தாலியில் செய்தது. குவாலியரில் கைமாறி கோட்சேயிடம் வந்தது வரை விசாரணை போனது. இத்தாலியிலிருந்து குவாலியர் வரை அது எத்தனை பேரைக் கடந்து வந்தது என்பதற்கு உறுதியான சங்கிலி அமையவில்லை.

மலாயாவுக்கு வருவோம். 1942-ல் ஜப்பானியர் ஜொகூர் வழியாகச் சிங்கப்பூரைப் பிடித்தபோது, தோற்றோடிய பிரிட்டிஷ் படை விட்டுச்சென்ற ஆயுதங்களைக் காட்டுக்குள் போன மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் பொறுக்கி எடுத்தார்கள். 1943 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ் இலங்கையிலிருந்து நீர்மூழ்கியில் வந்து பேராக் கரையில் இறங்கினார். ‘ஃபோர்ஸ் 136’ என்ற இரகசியப் பிரிவு அதன் பிறகு விமானங்களிலிருந்து ஆயுதம் போட ஆரம்பித்தது. போர் முடிந்து 1945 டிசம்பரில் அந்தக் காட்டுப்படை கலைக்கப்பட்டபோது, ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து ஆயுதங்களைத் திரும்ப வாங்கினார்கள்.

கணக்கு அமோகமாக வந்தது. கொடுத்தது 4,765. திரும்பியது 5,497. கொடுத்ததைவிட அதிகம்! ஆனால் ஒப்படைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பழைய ஆயுதங்கள் என்பதைக் கவனித்த அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். புதியவை காட்டுக்குள் பத்திரமாக இருந்தன. எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு எண்களை ஒப்பிடாத கணக்கு எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்பதற்கு மலாயாவில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. இரண்டரை ஆண்டுகள்தான் கழிந்தன. 1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 18-ஆம் தேதி கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. தோட்டத்துத் துரைகள் இடுப்பில் ரிவால்வரோடு வெளிக்காட்டுக்குப் போன காலம். மரம் சீவப் போன தமிழ்ப் பாட்டாளிகள் இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் நின்ற காலமும் அதுவே.

அந்தக் காலத்து ரிவால்வர்களில் ஒன்றைத் தமிழர்கள் மறக்க முடியாது. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து சிறுவயதிலேயே மலாயா வந்தவர் எஸ்.ஏ. கணபதி. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். தோட்டத்திலும் துறைமுகத்திலும் ஈயலம்பத்திலும் வேலை செய்தவர்கள், தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற பேதம் இல்லாமல் அந்தச் சம்மேளனத்தில் சேர்ந்திருந்தார்கள். 1948-ல் சட்டத்தைத் திருத்தி அரசாங்கம் அதை முடக்கியது. கணபதி தலைமறைவானார். 1949 மார்ச் 1 அன்று ரவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிடிபட்டார். அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு. கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் தரப்பு சொன்னது. இரண்டே வாரத்தில் மரண தண்டனை. நேரு அரசாங்கம் கருணை கேட்டது; மலாயாவில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த ஜான் திவி முயன்று பார்த்தார். 1949 மே 4 அன்று விடியலில் கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்.

ரோடா கம்பெனியின் மவுசர்களுக்கு நடந்ததையும் கணபதியின் ரிவால்வருக்கு நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் காவல்துறை ஒவ்வொரு துப்பாக்கியும் எங்கிருந்து எங்கே போனது என்று துரத்தியது. அவசரகாலச் சட்டத்துக்கு அந்தத் தேவையே இல்லை. துப்பாக்கி கையில் இருந்தாலே உயிருக்குத் தண்டனை. அது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்தக் கப்பலில் வந்தது, ஃபோர்ஸ் 136 போட்டதா, ஓடிப்போன படை விட்டுச்சென்றதா, முன்பு யாரிடம் இருந்தது என்ற கேள்விகள் எதுவும் தீர்ப்பை மாற்றப்போவதில்லை. சேகரிப்பாளர் ஒரு ரிவால்வர் கடந்துவந்த கைகளை எல்லாம் தேடுகிறார். அந்தச் சட்டம் கடைசிக் கையை மட்டும் பார்த்தது. ஒரு மனிதனின் உயிர் அந்தக் கடைசிக் கையோடு போனது.

அவசரகாலம் 1960-ல் முடிந்தாலும் அதன் மனம் சட்டப் புத்தகத்தில் தொடர்ந்தது. அதே 1960-ல் ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. பின்னதன் 57-ஆம் பிரிவில் துப்பாக்கி வைத்திருந்ததற்கே மரணம். கோலாலம்பூரைக் கலக்கிய கொள்ளைக்காரன் போத்தாக் சின் 1981-ல் அதே புடு சிறையில் தூக்கிலேறியது இந்தப் பிரிவின் கீழ்தான். 1971-ல் வந்த துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்படி, பின்னர் குற்றம் செய்யும்போது சுட்டாலே மரணம் என்றானது. உரிமமில்லாமல் வைத்திருந்தால் நீண்ட சிறையும் பிரம்படியும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் நீக்கப்பட்டது. 2023-ல் கட்டாய மரண தண்டனையும் போனது. பிரம்படி இன்னும் இருக்கிறது.

ஆகவே உலு திராமில் ஒருவர் வீட்டு அலமாரியில் பழைய வெப்லியை வைத்து அழகு பார்ப்பது நடக்காத காரியம், நடக்கவும் கூடாது. அமெரிக்காவில் 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைப் பழம்பொருள் என்று சொல்லிச் சுலபமாக வாங்கிவிடலாம். இங்கே இரும்பு அரசாங்கத்துடையது. ஆனால் ஏட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனித்துவ அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமான அர்க்கிப் நெகாராவிலும் அவசரகாலக் கோப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகம் அந்தக் காலத்து நாளிதழ்களை இணையத்திலேயே திறந்துவைத்திருக்கிறது. தமிழ் படித்த இளைஞர்கள் இந்த மூன்றையும் இணைத்துப் படித்தால், தோட்டத்து மனிதர்களைப் பற்றி இதுவரை எழுதப்படாத எவ்வளவோ வெளியே வரும். தோட்ட அலுவலகங்களில் கிராணிமார் எழுதிய ஏடுகள் எங்காவது மிஞ்சியிருந்தால் அவற்றையும் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். துரைக்கு எப்போது ரிவால்வர் வந்தது, யார் காவலுக்கு நின்றார்கள் என்ற குறிப்புகள் அவற்றில்தான் இருக்கும்.

அருங்காட்சியகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கோலாலம்பூரின் போலீஸ் அருங்காட்சியகத்தில் அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்கள் காட்சிக்கு இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒவ்வொரு ரிவால்வரின் பக்கத்திலும் நான்கு விவரங்கள் எழுதி வைக்கலாம்: தொழிற்சாலையின் பெயர், பொறித்த எண், கைப்பற்றிய இடம், தேதி. எண் வெளியே தெரிந்துவிட்டால் ஸ்பிரிங்ஃபீல்டிலோ பர்மிங்காமிலோ அந்தத் துப்பாக்கியின் பிறப்பை ஒருவர் தேடிவிடலாம். இடமும் தேதியும் தெரிந்தால் அன்றைய நாளிதழைப் புரட்டி, அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று இங்கிருந்தே தேட முடியும்.